துரைசாணி கால் நனைத்த ஊற்று

நான் மன்னார் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்த காலம். கொழும்பிலிருந்து வந்த ஒரு வெள்ளைக்காரத் துரையும் துரைசாணியும் முள்ளிக்குளத்து ஆற்றங்கரையில் ஒரு பகலை உல்லாசமாகக் கழிக்க ஆசைப்பட்டார்கள். வழிகாட்ட என்னை அனுப்பினார்கள். அதற்கென்றே காலுக்குப் புதுச் சப்பாத்து வாங்கிப் போட்டுக்கொண்டேன். முள்ளிக்குளம் என் அக்கா வாழ்க்கைப்பட்ட ஊர் என்பதை மட்டும் சொல்லவில்லை. அத்தான் மீன்பிடிக்கிறவர் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

ஆவணி மாதம். ஆறு வற்றி, மருதமர நிழலில் வெள்ளை மணல்தான் கிடந்தது. துரைசாணிக்கு அதுவே பெரிய சந்தோசம். துணி விரித்தார்கள், கூட வந்த இரண்டு நாய்களை அவிழ்த்துவிட்டார்கள். நடு மணலில், முள்ளால் அடைத்த ஒரு குழியில் தெளிந்த தண்ணீர் நின்றது. ஊர் முழுவதும் குடிக்கிற ஊற்று அது. கால் படாமல், கரையில் குந்தியிருந்து தேங்காய்ச் சிரட்டையால் அள்ளித்தான் குடத்தை நிரப்புவார்கள். முந்திய வருடம் நானும் அதில் குடித்தவன்.

"இது என்ன குழி?" என்று துரைசாணி கேட்டார்.

மணலைத் தோண்டிக் குடிக்கிற சனம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அது என் சனம் என்று தெரிந்துவிடுமோ என்ற பயம் வேறு. "குளிக்கிற இடம்" என்றேன். முள்ளை விலக்கிக் கொடுத்ததும் நானேதான். அவர் கால் நனைத்தார். பின்னால் நாய்கள் பாய்ந்து புரண்டன. துரை கைதட்டிச் சிரித்தார். நானும் சேர்ந்து இளித்தேன்.

அந்த நேரம் பார்த்துப் பெண்கள் குடங்களோடு வந்தார்கள். முன்னால் என் அக்கா. கலங்கிய ஊற்றைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"இவர்களை உமக்குத் தெரியுமா?" என்று துரை இங்கிலீசில் கேட்டார்.

தெரியாது என்று தலையாட்டினேன். அக்காவுக்கு இங்கிலீசு விளங்காது, தலையாட்டினது விளங்கும்.

ஒரு பெண் என்னைத் திட்ட வாயெடுத்தாள். "பேசாம இரு. இறைப்பம் வா" என்று அக்கா அவளை அடக்கினாள். கலங்கல் முழுவதையும் இறைத்துக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர் ஊறும்வரை வெயிலில் குந்தியிருந்தார்கள். நாங்கள் நிழலில் இறைச்சியும் பாணும் தின்றோம். எனக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் நான் வயிறு நிறையத் தின்றேன்.

புறப்படும்போது, ஊறிய தண்ணீரில் முதல் சிரட்டையை அக்கா என்னிடம் நீட்டினாள்.

"வெயிலுக்குள்ள போறியள். குடிச்சிட்டுப் போங்கோ, ஐயா."

என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். என் பொய் வெளிப்படக் கூடாதென்று என்னை ஐயா என்றாள். வாங்கிக் குடித்தேன்.

மாதா கோயில் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சில்லறைப் பாவமெல்லாம் சொன்னேன், இதைச் சொல்லவில்லை. யேசு பாலன் பிறந்த நத்தாருக்கு அக்கா வீட்டுக்குப் போனபோது, "வாடா தம்பி" என்று பழையபடி கூப்பிட்டு, செம்பில் தண்ணீர் தந்தாள். அந்த நாளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்க, அந்தத் தண்ணீர் எனக்குத் தொண்டையால் இறங்கவில்லை.