ஆறோடு நின்ற அலுமினியம்

வள்ளிக்கண்ணுக்குக் கோபம் வந்தால் யார் எவர் என்று பார்க்க மாட்டாள். குடித்துவிட்டு வந்து அடித்த புருஷனை அகப்பைக் காம்பு முறியும் மட்டும் திருப்பிச் சாத்தி, அவன் ஊரான துறையூருக்கே துரத்திவிட்டவள். அதன்பிறகு ஸ்ரீரங்கத்தில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்துகொண்டு, திருச்சியில் ஒரு தனியார் கல்லூரியின் கெமிஸ்ட்ரி லேபில் அட்டெண்டர் வேலை பார்த்தாள். இருபத்திரண்டு வருஷம், சும்மாவா? அந்தச் சம்பளம்தான் அவளுக்குச் சோறு.

படித்தது எட்டாவது. ஆனால் பிரேமலதா மிஸ் நடத்தும் பாடத்தைச் சோதனைக் குழாய்களைக் கழுவியபடியே வருஷா வருஷம் கேட்டதில் பாதி கெமிஸ்ட்ரி அவளுக்கு அத்துப்படி. அணு ஒவ்வொன்றும் வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான் சேரப் பார்க்குமாம். அதற்கு எண்ம விதி என்று பேர். எல்லாம் அதற்குக் கட்டுப்பட்டு நடந்துவிடுமா என்ன? பாஸ்பரஸ் பத்து வைத்துக்கொள்ளும், கந்தகம் பன்னிரண்டு கூட வைத்துக்கொள்ளும். போரானும் அலுமினியமும் குளோரினோடு சேர்ந்தால் ஆறோடு நின்றுவிடும். அங்கேதான் வம்பு.

"ஆறு வச்சிருக்கிறவன் பசியோட இருக்கான். தண்ணிகிட்ட எலக்ட்ரான் ஜோடி மிச்சமா இருக்கு. பாத்தான்னா பாஞ்சிருவான்" என்று புதிதாகச் சேரும் பிள்ளைகளை அவளே மிரட்டி வைப்பாள்.

போன வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள், ஒரு பாட்டில் விடாமல் கழுவிச் சந்தனம் குங்குமம் வைக்கச் சொல்லி உத்தரவு. போட்டவர் மேனேஜர் சிவசங்கர், தாளாளரின் மைத்துனர். மிஸ் அன்றைக்கு லீவு. எல்லாம் பளபளவென்று இருக்க, அலுமினியம் குளோரைடு பாட்டில் மட்டும் தூசியோடு நின்றது அவர் கண்ணை உறுத்தியது.

"அதத் தொடாதீங்க சார். உள்ள தண்ணி பட்டா வெடிக்கும்."

"அலுமினியம்தானேம்மா? எங்க வீட்டுக் குக்கரும் அலுமினியம்தான். தெனம் தண்ணி ஊத்திச் சோறு வைக்கிறோம். வெடிச்சிருச்சா?"

"குக்கர் வேற சார். இது ஆறோட நிக்கிறது."

"கழுவத்தான் உனக்குச் சம்பளம், பாடம் எடுக்க இல்ல. எதிர்த்துப் பேசினா நாளையிலேருந்து வராத."

பேசிக்கொண்டே மூடியைத் திருகினார். கட்டி தட்டிப் போயிருந்த பொடியை ஊறவைத்துக் கொட்டிவிடலாம் என்று சொம்புத் தண்ணீரை அப்படியே உள்ளே கவிழ்த்தார். தட்டிவிட அவள் பாய்வதற்குள் பாட்டில் வெடித்தது.

கண்ணாடிச் சில் ஒன்று அவள் கழுத்தைக் கிழித்துக்கொண்டு போனது. லேப் முழுக்க வெள்ளைப் புகை. தண்ணீர் பட்டதில் அந்தப் பொடியிலிருந்து கிளம்பிய அமிலம் அவர் முகமெல்லாம். கண்களைப் பொத்திக்கொண்டு தரையில் புரண்டு அலறினார். வள்ளிக்கண்ணு அவர் பிடரியைப் பிடித்துக் குழாயடிக்குத் தரதரவென்று இழுத்தாள்.

"தண்ணி வேணாம், தண்ணி வேணாம், வெடிச்சிரும்" என்று திமிறினார். பாவி மனுஷன், அவள் சொன்னதை அப்போதுதான் நம்பினார். வெடிக்க வேண்டியது வெடித்து முடிந்திருந்தது. இனி அமிலத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவாவிட்டால் இரண்டு கண்ணும் போய்விடும். அதைச் சொன்னால் கேட்கிற நிலையிலா அவர் இருந்தார்? முழங்கையால் அவள் வாயில் இடித்தார். பல் உடைந்து ரத்தம் கொட்டியது. மணிக்கட்டைக் கடித்தார். அவள் ஓங்கி அறைந்தாள், ஒன்றிரண்டு இல்லை. தலையைத் தொட்டிக்குள் அமுக்கி, முழங்காலால் முதுகை அழுத்தி, இமைகளை விரலால் பிரித்துக் குழாயைத் திறந்துவிட்டாள். ஆம்புலன்ஸ் வரும்வரை இருபது நிமிஷம் பிடியைத் தளர்த்தவில்லை. ஓடிவந்து பார்த்தவர்கள் கண்ணில் பட்டதெல்லாம், அட்டெண்டர் மேனேஜரை அடிப்பதுதான்.

சரியான நேரத்தில் கழுவியதால் பார்வைக்குப் பழுதில்லை என்று டாக்டர் சொன்னார். மூன்றாம் வாரம் சிவசங்கர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேலதிகாரியைத் தாக்கியதற்காக அவளை வேலையைவிட்டு நீக்கும் உத்தரவு மேஜைமேல் இருந்தது. அதைக் கையில் எடுத்து, மூக்குக்கண்ணாடிகூட இல்லாமல், ஒரு எழுத்துப் பிசகாமல் படித்துக் காட்டிவிட்டு, கோடு போட்ட இடத்தில் சரியாகக் கையெழுத்துப் போட்டார்.