சாந்தா மிஸ் தலைப்புத் தேடி வந்த நாள்

இலங்கை மலைநாட்டில், அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிள்ளைக்காம்பரா ஆயாவாக இருந்தேன். தாய்மார் கொழுந்து பறிக்கப் போனால் கைப்பிள்ளைகள் என்னிடம்தான். அறுபதுகளின் தொடக்கத்தில், அட்டனில் பிறந்து பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் சாந்தா மிஸ், தோட்டத்தை நடத்தும் தொரையிடம் கேட்டுக்கொண்டு வந்தார். "தோட்டத் தொழிலாளர் வாழ்க்கை" என்று ஆராய்ச்சிக் கட்டுரை எழுத வேண்டுமாம்.

"தலைப்பு ரொம்பப் பெருசுன்னு எங்க புரொபசர் சார் ரெண்டு தரம் திருப்பிட்டாருங்க ஆயாம்மா. இந்தத் தடவையும் சரிவரலேன்னா எழுதவே விடமாட்டாரு" என்றார். புது ஆட்களிடம் எனக்குப் பேச வராது. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

பால் கொடுக்கத் தாய்மார் இறங்கி வந்தார்கள். மிஸ் லயத்து வீடு, கலியாணம், காமன்கூத்து என்று எல்லாவற்றையும் கேட்டார். வந்த பிள்ளை வெறுங்கையோடு போகக்கூடாதென்று அவர்களும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

"எம் மாமியா கதைய எழுதுங்க மிஸ். ரெண்டு கொப்பி பத்தாது!" என்றாள் ராமாயி.

சிரிப்பில் நேரம் போய்விட்டது. கங்காணி வாசலில் வந்து நின்றார்.

"என்னா, இங்க திருவிழாவா? மலைக்கு ஏறுங்க! இல்லாட்டி அரைப்பேருதான்!"

அரைப்பேர் என்றால் பாதிநாள் சம்பளம்.

"புள்ள இன்னும் வாய எடுக்கலியே. நீங்களே வந்து சொல்லிப் பாருங்க கங்காணி" என்றாள் ராமாயி. கங்காணி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மிஸ் எழுந்தார். "என்னாலதாங்க சுணக்கம். அரைப்பேரு போட்டுறாதீங்க. பால் குடுக்க எம்புட்டு நேரம்னு யாருங்க சொல்றது?"

"தொரை சொல்றாரு, நான் கத்துறேன்."

"தூர மலையில இருந்து வர்றவங்களுக்கும் அதே நேரந்தானா?"

"அதே நேரந்தான்" என்றார் கங்காணி, குரலை இறக்கி. அன்று எல்லாருக்கும் முழுப்பேர்தான் போட்டார்.

மறுநாளிலிருந்து மிஸ் பால் நேரத்தை மட்டுமே பார்த்தார். எந்த மலையிலிருந்து யார் வருகிறார்கள், யார் பிள்ளைக்கு வயிறு நிறையுமுன் எழுந்து ஓடுகிறார்கள் என்பதுதான் அவருடைய கேள்வி. மற்றதையெல்லாம் அடித்துவிட்டார். சில வாரம் கழித்து ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "சார் ஒத்துக்கிட்டாருங்க ஆயாம்மா!"

தொரை பிள்ளைக்காம்பராவைப் பார்க்க வரும்போதெல்லாம் பத்துக் குறை சொல்ல நினைப்பேன். ஒன்றும் வாயில் வராது. அடுத்த முறை கங்காணியோடு வந்தபோது ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு நின்றேன்.

"தூர மலை தாய்மாருக்குக் கொஞ்சம் கூட நேரம் வேணுங்க தொர."

அவர் என்னைப் பார்த்தார், பிறகு கங்காணியைப் பார்த்தார். "சரி, குடு" என்றார்.