கறுத்த முழங்கால்கள்

சண்டைக் காலத்தில் வாவிக்குள் தோணியை இறக்கினால் கரையிலிருந்து ஆமிக்காரர் சுட்டார்கள். மீன்பிடி படுத்துவிட்டது. திருகோணமலைத் துறைமுகத்து ஆலையொன்றில் மூட்டை தூக்க ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, நானும் அண்ணனும் பெரியகல்லாற்றிலிருந்து புறப்பட்டோம். நான் இரவல் வாங்கிய நீளக் காற்சட்டை போட்டிருந்தேன். அண்ணன் சாரம்தான்.

"மூட்டை தூக்கப் போறியா, பொம்புள பாக்கப் போறியா?" என்று பஸ்ஸில் வழிநெடுக நக்கலடித்தான்.

ஆலையில் பின்னேரம் வரச் சொன்னார்கள். பின்னால் புகைக்குழாய்களும் கிரேன்களும்; முன்னால் மலைகளுக்கு நடுவே நீலக் கடல். "காலக் கழுவிப்போட்டு வருவம்" என்று அவனைக் கரைக்கு இழுத்துப் போனவன் நான்தான். அண்ணன் சாரத்தைத் தொடைவரை மடித்துக்கட்டித் தண்ணீரில் இறங்கினான்.

காவலரணிலிருந்து இரண்டு ஆமிக்காரர் ஓடி வந்தார்கள். அவர்கள் கண்டது அவனுடைய முழங்கால்களை. எங்கள் சிறு தோணிகளில் முழந்தாளிட்டுத்தான் துடுப்புப் போடுவோம். அதனால் தோல் கறுத்துக் காய்த்துவிடும். எங்கள் ஊர் ஆமி முகாமில் இருந்தவர்களுக்கு அது தெரியும். இங்கேயும் தெரிந்திருக்கும் என்று நினைத்த மடையர்கள் நாங்கள். இங்கே அது துவக்கோடு தவழ்ந்து பழகிய இயக்கக்காரனின் அடையாளம்.

"தோணி வலிச்ச காய்ப்பு, ஐயா" என்றான் அண்ணன். துவக்குப் பிடியால் வாயில் அடித்தார்கள். பற்கள் மணலில் விழுந்தன. தோணி வலித்துக் காட்டச் சொன்னார்கள். முழந்தாளிட்டு, வெறுங்கையால் காற்றில் துடுப்புப் போட்டான். ஒருவன் சிரித்தான். மற்றவன் விலாவில் உதைத்தான். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

என் காற்சட்டைக்குள்ளும் அதே முழங்கால்கள் இருந்தன. காட்டினால் எங்கள் தொழில் இதுதான் என்று நம்பி அவனை விடலாம். இல்லையென்றால் இரண்டு பேரையும் கொண்டுபோகலாம். என் கை காற்சட்டை நுனிவரை போனது. அண்ணன் அதைக் கண்டுவிட்டான்.

"இவன் ஆரெண்டே எனக்குத் தெரியாது, ஐயா. பஸ்ஸில கண்டதுதான்" என்றான், கேட்பதற்கு முன்பே.

அடையாள அட்டையைப் பார்த்திருந்தால் ஒரே ஊர், ஒரே தகப்பன் பெயர். அவர்கள் பார்க்கவில்லை. சிரித்தவன் என்னிடம் திரும்பி, "உண்மையா?" என்று கேட்டான்.

"ஓம்" என்றேன்.

அவனை ட்ரக்கில் தூக்கி எறிந்து கொண்டுபோனார்கள். நானும் அண்ணியும் முகாம் முகாமாக ஏறி இறங்கினோம். அண்ணன் திரும்பி வரவேயில்லை. நடந்ததை எல்லாம் அண்ணியிடம் சொல்லிவிட்டேன், நான் சொன்ன அந்த ஒரு சொல்லைத் தவிர.