அப்பா கோத்த வெள்ளை லேஸ்

அண்ணன் தலையை வழித்துக்கொண்டு வந்த நாளிலிருந்து இரண்டு மாதமாக அப்பா அவனோடு பேசவில்லை. அம்மாவிடம்தான் கேட்டார்: "கோயில் நேத்தியும் இல்லை, நானும் சாகேல்லை. பிறகென்னத்துக்கு மொட்டை?"

எல்லாம் அண்ணன் கேட்ட பழைய ரெகே பாட்டு செய்த வேலை. ஜமெய்க்காவிலிருந்து வந்த அந்தப் பாட்டுக்கு லண்டனில் கறுப்பு இளைஞர்களோடு வெள்ளை இளைஞர்களும் சேர்ந்து ஆடினார்களாம். மழித்த தலை, காற்சட்டையைத் தோளில் மாட்டும் பட்டி, கனத்த சப்பாத்து, இதுதான் அவர்களின் உடுப்பு. பிறகு வெளிநாட்டவரை அடிக்கிறவர்களும் அதே உடுப்பைப் போட்டுக்கொண்டார்கள். டோர்ட்முண்டுக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஹம் நகரத்தில் சப்பாத்து லேஸின் நிறத்தை வைத்துத்தான் ஆளைப் பிரித்தறிவார்கள். வெள்ளை என்றால் அடிக்கிறவன். இது அண்ணனுக்குத் தெரியும். அப்பாவுக்கும் அப்போது எட்டு வயதுக்காரியான எனக்கும் தெரியாது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அண்ணன் என்னையும் கூட்டிக்கொண்டு டோர்ட்முண்டுக்கு இசைத்தட்டு வாங்கப் புறப்பட்டான். வாசலில் அப்பா குந்தியிருந்து, அவனுடைய சப்பாத்தைத் துடைத்து, புதிதாக வாங்கிய லேஸைக் கோத்துக்கொண்டிருந்தார். பால் வெள்ளை.

"பழசு அறுந்து போச்சு. தடக்கி விழாமல் போ," என்றார், நிலத்தைப் பார்த்தபடி.

அண்ணனின் முகம் செத்துப்போயிற்று. "ஓம் அப்பா," என்று சொல்லி மாட்டிக்கொண்டான். அம்மா சந்தோஷத்தில் மூக்கைச் சிந்தினார்.

தெருமுனை திரும்பியதும் ஒரு படியில் உட்கார்ந்து, இரண்டு லேஸையும் உருவிப் பொக்கற்றுக்குள் திணித்தான். எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. அப்பா வலியப் பேசிய முதல் நாளில் இவன் செய்கிற வேலையைப் பார்!

ஸ்டேஷன் மேடையில் மூன்று பேர் நின்றார்கள். மூவருக்கும் மொட்டை, மூவருக்கும் வெள்ளை லேஸ். அண்ணனின் தலையைப் பார்த்தார்கள், பிறகு முகத்தை. ஒருவன் சிரித்தான். மூவரும் எங்களை நோக்கி நடந்தார்கள்.

அண்ணன் என் கையை நொறுங்கப் பிடித்தான். "ஓடாதை. என்னோடை நட."

அவனுக்கு ஓடவும் முடியாது. லேஸில்லாத சப்பாத்து ஒவ்வோர் அடிக்கும் கழன்றது. இரயில் வந்து கதவு திறந்ததும் என்னை உள்ளே தள்ளிவிட்டுத் தானும் பாய்ந்தான். ஒருவன் அண்ணனின் காலை எட்டிப் பிடித்தான். சப்பாத்து மட்டும் அந்தக் கையோடு போனது. கதவு சாத்திக்கொண்டது.

அடுத்த ஸ்டேஷனில் இறங்கி பஸ்ஸில் திரும்பினோம். "அந்த மூண்டு பேரைப் பற்றி அப்பாட்டைச் சொல்லாதை. பிறகு எங்களை வெளியிலை விடமாட்டார்," என்றான்.

ஒற்றைச் சப்பாத்தோடு வந்தவனைப் பார்த்து அப்பா கேட்டார்: "மற்றது எங்கை?"

அண்ணன் வாயைத் திறக்கவில்லை. நான் திறந்தேன். லேஸைப் பற்றிச் சொல்லக்கூடாது என்று அவன் சொல்லவில்லையே.

"நீங்கள் கோத்த லேஸை அண்ணா ரோட்டிலையே கழட்டிப்போட்டார், அப்பா."

அப்பா அந்த ஒற்றைச் சப்பாத்தைப் பார்த்தார். பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

அந்த வெள்ளைக்கு என்ன அர்த்தம் என்று அண்ணன் ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். சொன்னால், தன் கையாலேயே மகனுக்கு எதைக் கோத்துக் கொடுத்தோம் என்று அப்பாவுக்குத் தெரிந்துபோகும். அவன் பேசாமல் நின்றான். பதில் இல்லாததால்தான் நிற்கிறான் என்று நினைத்து, உண்மை சொன்ன பிள்ளையின் பெருமையோடு நானும் பக்கத்தில் நின்றேன்.