'கார்டு மட்டும்' என்று எழுதி வைத்த சண்முகத்தாய்

சாத்தூரில் வங்கி வாசலில் நின்றிருந்தபோது கருப்பசாமியிடமிருந்து போன் வந்தது. பட்டாசுக் கம்பெனி வேன் ஓட்டுபவர். "அக்கா, கடைக்கார அக்கா போயிட்டாக" என்றார். "எங்க போனாக?" என்று கேட்டுவிட்டேன். காலையில் கடை திறந்ததும் நெஞ்சு வலி என்று உட்கார்ந்தவரை விருதுநகர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டதாம். போன் வருவதற்குச் சற்று முன்னால்தான் ஒரு ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு என்னைக் கடந்தது. எல்லோரையும் போல நானும் ஒதுங்கி வழிவிட்டேன். யாரோ எவரோ என்று நினைத்தேன்.

ஏழாயிரம்பண்ணை சாலையில், கம்பெனி வேன்கள் நிற்கும் இடத்துக்கு எதிரே சண்முகத்தாய் அக்கா மளிகைக் கடை வைத்திருந்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்களில் பாதிப்பேர் அங்கே அரிசி வாங்கியவர்கள். அந்தக் கடையின் ஒரு மூலையில், வங்கியின் கை மிஷினை வைத்துக்கொண்டு எட்டு வருடம் உட்கார்ந்திருந்தவள் நான். கணக்கிலிருந்து பணம் எடுத்துக் கொடுப்பேன், கணக்கில் பணம் கட்டித் தருவேன். உங்களில் பலருக்குத் தெரியாத ஒன்றை இன்று சொல்லாவிட்டால், இந்த அஞ்சலியை எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

அக்கா பதினாறு வருடம் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து அடைக்கும் ரூமில் இருந்தவர். இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் சுருங்கி இருக்கும். அதைப் பற்றி யாராவது கேட்டால், "வெந்துச்சு, ஆறிருச்சு" என்பதோடு சரி. கடை வைத்த புதிதில் அவருக்கு ரொக்கம்தான் எல்லாம். "காசு கைய விட்டுப் போறப்ப கை அறியணும். கார்டுல தேச்சா எவன் காசோ மாதிரி போயிரும்" என்பார். என் மிஷினையும் முதலில் அவருக்குப் பிடிக்கவில்லை. மருந்து தொட்டுத் தொட்டு ரேகை தேய்ந்த பெண்கள் பெருவிரலை நாலு தடவை வைத்தும் மிஷின் ஏற்காதபோது, "பாத்தியா, நீ யாருன்னே தெரியலங்குது" என்று சிரிப்பார். சிரித்துக்கொண்டே தேங்காய் எண்ணெயும் ஈரத்துணியும் எடுத்து வந்து அந்த விரலைத் துடைத்துவிடுவார்.

கம்பெனிகள் சம்பளத்தை வங்கியில் போட ஆரம்பித்தபின் அவர் மனம் மாறியது. தீப்பொறிக்குப் பயந்து போனை உள்ளே கொண்டுபோகவே விடமாட்டார்கள் என்பதால், பெண்கள் கார்டைத்தான் வைத்திருந்தார்கள். ஒரு சனிக்கிழமை, கம்பெனியில் மருந்து அடைக்கும் முனீஸ்வரி ஓடிவந்து தன் கார்டை அக்காவிடம் நீட்டினாள். அக்கா அதைத் துவரம்பருப்பு மூட்டைக்குள் சொருகினார். கொஞ்ச நேரத்தில் முனீஸ்வரியின் புருஷன் தள்ளாடிக்கொண்டு வந்து நின்றான்.

"எம் பொண்டாட்டி கார்டு இங்கன இருக்காமே?"

"பருப்புதான் இருக்கு. எத்தன கிலோ போட?"

அவன் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டான். அடுத்த மாதமே அக்கா கடையில் கார்டு தேய்க்கும் மிஷின் வந்தது. "நோட்டுன்னா வேன விட்டு எறங்குறதுக்குள்ள பிடுங்கிருதானுக. இதுக்குள்ள இருந்தா நாலு நம்பரும் அவ மனசுல இருக்கும்" என்றார்.

போன வருடம் சீசன் சூடு பிடித்த நேரம். முனீஸ்வரி சாமான் வாங்கிவிட்டுப் புது ஐந்நூறு ரூபாய் நோட்டு ஒன்றைக் கொடுத்தாள். அக்கா அதைப் பெட்டியில் போடாமல் விரலால் தேய்த்துப் பார்த்தார். விரல் நுனி மினுங்கியது. வெள்ளி நிறப் பொடி, பட்டாசு மருந்தில் கலப்பது.

"கார்டு எங்க?"

"வீட்ல கெடக்கு."

"கம்பெனில கை கழுவாம வெளிய விடமாட்டான். நீ எங்கன வேல பாக்க?"

முனீஸ்வரி பையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். அந்த வாரமே இன்னும் மூன்று பேர் அதே மாதிரி நோட்டு கொடுத்தார்கள். விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. கருவேலங்காட்டுக்கு அப்பால், அட்டைப்பெட்டி அடுக்குவதற்கென்று கட்டிய ஒரு தகரச் செட்டை யாரோ உள்குத்தகைக்கு எடுத்து, பேன்சி ரகப் பட்டாசுக்கு மருந்து அடைக்கிறார்கள். கூலி ஒன்றரை மடங்கு. பிடித்தம் கிடையாது. அன்றன்று ரொக்கம். பதிவேட்டில் யார் பேரும் கிடையாது.

"ஒரு ரூமுக்கு நாலு பேருக்கு மேல இருந்தா நாங்க கால வைக்க மாட்டோம். அங்கன எம்புட்டுப் பேரு இருக்காளுக?" என்று அக்கா கேட்டார். இருபது பேருக்கு மேல் என்றார் கருப்பசாமி.

மறுநாள் கடையில் ஒரு அட்டை தொங்கியது. 'நோட்டு வாங்கப்படாது. கார்டு மட்டும்.'

ஊரே திட்டியது. மிளகாய் வெள்ளாமையை விற்றுக் காசோடு வந்த ஒரு சம்சாரி, "அரசாங்கம் அடிச்ச நோட்ட வாங்கமாட்டேங்கிறியே, நீ யாரு பெரிய கவர்னரா?" என்று கத்தினார். அவருக்கும் முதியோர் பென்ஷன்காரர்களுக்கும் மட்டும் அக்கா விலக்குக் கொடுத்தார். கம்பெனி வேலைக்குப் போகிற பெண்களிடம் ஒரு ரூபாய்கூட நோட்டாக வாங்கவில்லை. கார்டில் காசு இருந்தால் அவள் பதிவேட்டில் இருக்கிறாள், இல்லாவிட்டால் அந்தச் செட்டில் இருக்கிறாள். அவர் கணக்கு அவ்வளவுதான். வியாபாரம் பாதியாக விழுந்தது.

ஒரு நாள் மத்தியானம் புல்லட்டில் ஒருவன் வந்தான். சலவைச் சட்டை, மெதுவான குரல். சோடா கேட்டான். குடித்துவிட்டு ஒரு நோட்டை மேசைமேல் வைத்தான்.

"நோட்டு வாங்குறதில்ல" என்றார் அக்கா.

"சும்மா இருக்கட்டும்க்கா. இது பட்டாசு ஊரு. தீ எங்கன இருந்து வருதுன்னு யாருக்குத் தெரியும்? நல்லா இருக்கீகள்ல, அப்படியே இருங்க."

அவன் போனபின் அக்கா நோட்டைத் தொடவே இல்லை. காற்றில் அது தரையில் விழுந்தது. நான்தான் எடுத்து வைத்தேன். அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முறம் நிற்கவில்லை.

இப்போது என் பங்கைச் சொல்கிறேன்.

அட்டை தொங்கிய இரண்டாம் வாரம், அக்கா சரக்கு எடுக்க சாத்தூர் போயிருந்த நேரம், முனீஸ்வரி என்னிடம் வந்தாள். "இந்தக் காச எங் கணக்குல கட்டிருங்கக்கா. பெறகு கார்டுல வாங்கிக்கிறேன். வீட்டுக்குத் தளம் போட்டாச்சுன்னா நின்னுருவேன். சாமி சத்தியமா." கட்டுவது என் வேலை. அதற்கு எனக்குக் கமிஷன் உண்டு. அவள் கொடுத்த நோட்டுகளை வாங்கி மிஷினில் ஏற்றினேன். என் விரலிலும் அந்த மினுமினுப்பு ஒட்டியது. தாவணியில் துடைத்துக்கொண்டேன் என்று எழுத வந்தது. தாவணி போடும் வயதில்லை எனக்கு, சேலை முந்தானையில்தான் துடைத்தேன். எல்லாம் தெரிந்த வயதில்தான் அதைச் செய்தேன். பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அக்கா கடையில் இல்லாத நேரம் பார்த்துக் கட்டினேன். மற்ற மூன்று பேரும் வந்தார்கள்.

முனீஸ்வரி கடையில் கார்டை நீட்டிய அன்று அக்காவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "கம்பெனிக்குத் திரும்பிட்டியா?" என்றார். அவள் தலையாட்டினாள். அக்கா ஒரு முழு வெல்லக்கட்டியைச் சும்மா கொடுத்தார். நாலு பேரும் கார்டுக்குத் திரும்பியதும் அட்டையைக் கழற்றிவிட்டார். "ஒரு மாசம் கஷ்டப்பட்டாலும் நாலு உசுரு மிஞ்சிச்சு தாயி" என்று என்னிடம் சொன்னார். நான் மிஷினைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

தீபாவளிக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை, பகல் பதினொரு மணி இருக்கும். முதலில் தரை அதிர்ந்தது. பிறகு சத்தம். அலமாரியில் பாட்டில்கள் ஒன்றோடொன்று மோதின. கருவேலங்காட்டுப் பக்கம் வெள்ளையாகப் புகை எழுந்தது. எல்லோரும் சாலைக்கு ஓடினார்கள். அக்கா மட்டும் வாசலில் நின்று, "நல்லவேள, நம்ம புள்ளைக அங்கன இல்ல" என்றார்.

அந்த வார்த்தையைக் கேட்டபின் என்னால் மறைக்க முடியவில்லை. சொன்னேன். அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். முனீஸ்வரியும் இன்னொருத்தியும் திரும்பவில்லை. மற்ற இருவர் அன்று இருக்கன்குடிக்கு நேர்த்திக்கடன் செலுத்தப் போயிருந்தார்கள்.

அதன்பின் முப்பது நாள் அக்கா என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மூலையைக் காலி பண்ணவும் சொல்லவில்லை. காலையில் பெருக்கும்போது என் நாற்காலிக்கு அடியிலும் பெருக்குவார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

செட்டுக்காரர்களும் கம்பெனியும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்: அந்தத் தேதியில் அப்படி ஒருத்தி எங்களிடம் வேலை பார்க்கவே இல்லை. முனீஸ்வரியின் மகள் அம்மாவின் போட்டோவை வைத்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினாள். "ரொக்கக் கூலிக்கு என்னம்மா சாட்சி? நோட்டுல பேரா எழுதியிருக்கு?" என்று ஒரு அலுவலர் கேட்டாராம். அவள் கடையில் வந்து அதைச் சொல்லி அழுதபோதுதான் அக்கா என் பக்கம் திரும்பினார்.

"நீ பண்ணது தப்பு. ஆனா அந்தத் தப்பு தேதியோட இருக்கு. எடுத்துட்டு வா."

கம்பெனிச் சம்பளம் நின்ற மாதம், அதன்பின் சனிக்கிழமை தவறாமல் கட்டிய ரொக்கம், எல்லாம் உள்ள கணக்கு விவரத்தை அந்த மகள் வங்கியில் கேட்டு வாங்கினாள். முனீஸ்வரி எதற்காகக் கட்டினாள், எங்கே வேலை பார்ப்பதாகச் சொன்னாள் என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பேனாவைப் பிடித்தபோது அந்தப் புல்லட்காரனின் குரல் காதில் கேட்டது. அக்கா பக்கத்திலேயே நின்றார். "எம் பேரையும் சேத்து எழுது. மொதல்ல பாத்தவ நான்" என்றார். பல மாதம் கழித்து முனீஸ்வரியின் மகளுக்கு நிவாரணம் கிடைத்தது. வழக்கு இன்னும் நடக்கிறது. செட்டைக் குத்தகைக்கு எடுத்திருந்த அந்தப் புல்லட்காரன் ஜாமீனில் வெளியே இருக்கிறான். போன மாதம் கூடக் கடை முன்னால் வண்டியை நிறுத்தி, எதுவும் வாங்காமல் பார்த்துவிட்டுப் போனான்.

அக்கா என்னை மன்னித்தாரா என்று தெரியாது. கேட்கத் துணிச்சல் வரவில்லை, இனி கேட்கவும் முடியாது. இழவு வீட்டில் அவருடைய சுருங்கிய கையைத் தொட்டுக் கும்பிட்டேன். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான்: வருகிற ஆளைக் கோபப்படுத்தினாலும் பரவாயில்லை என்று கேட்டுவிடுகிற முரட்டுத்தனம்.

இப்போது மறுபடியும் சீசன். போன சனிக்கிழமை, கல்யாணமாகி ஆறு மாதமான ஒரு பெண் கட்டுவதற்குப் பணம் நீட்டினாள். யார் கொடுத்த கூலி என்று கேட்டேன். "ஒங்களுக்கு எதுக்கு?" என்று பணத்தைப் பிடுங்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். காத்திருந்த நாலு பேர் என்னைப் பார்த்தார்கள். நான் மிஷினை அணைத்து வைத்துவிட்டு, வெயிலில் அவள் பின்னாலேயே நடந்தேன்.