ஸ்டாப் அமுக்கிய பிறகும் நூற்று நாற்பது வோல்ட்

ஆயுத பூஜை முடிந்து மில்கள் திறக்கிற அன்று எனக்கு போன் ஓயாது. தென்காசியில் இருபது வருஷத்துக்கு மேலாக கன்ட்ரோல் பேனல் வயரிங் செய்கிறேன். மெஷினைத் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டிவிட்டு, ஓடவில்லையே என்று கூப்பிடுகிறவர்கள் வருஷா வருஷம் உண்டு. புளியறை ரோட்டில் மர மில் வைத்திருக்கும் அண்ணாச்சி மட்டும் வேறு மாதிரி ஆரம்பித்தார்.

“தங்கச்சி, மிஷினு நல்லா ஓடுது, நல்லா நிக்குது. ஸ்டாப்ப அமுக்குன பெறவும் மீட்டர்ல நூத்தி நாப்பது காட்டுதாம். அதச் சொல்லி மாடசாமி பிளேடு மாத்த மாட்டேங்கான். இன்னைக்குள்ள கை வைக்கலன்னா அவன் கணக்க முடிச்சு அனுப்பிருவேன், பாத்துக்கிடுங்க.”

மாடசாமி அங்கே மரம் அறுக்கிற ஆபரேட்டர். அந்த மெஷினில் பிளேடு என்கிற ரம்பப் பட்டை இரண்டு பெரிய சக்கரங்களில் சுற்றும். பட்டையை மாற்ற வேண்டுமென்றால் இரண்டு கையையும் உள்ளே விட வேண்டும். அந்த நேரத்தில் மோட்டார் அரைச் சுற்று எடுத்தாலும் கை போய்விடும். அந்த மில்லில் ஸ்டாப் பட்டனை அமுக்கிவிட்டு அப்படியே பிளேடு மாற்றுவதுதான் பழக்கம். அன்று காலை லைட் மாட்ட வந்த வயர்மேன் ஒருவர் மீட்டர் வைத்துப் பார்த்து, இந்த நம்பரைக் கிளப்பிவிட்டுப் போயிருந்தார்.

நான் போனபோது மாடசாமி அறுக்கப் போட்டிருந்த ஒரு மரத்துண்டின் மேல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“யக்கா, எனக்கு வயரிங்லாம் தெரியாது. நம்பர் காட்டுதுன்னா கரண்டு இருக்குன்னுதான அர்த்தம்? வேலய விட்டு அனுப்புனா அனுப்பட்டும். ரெண்டு கையோட போறேன்.”

எனக்கு அவரை உடனே பிடித்துப்போயிற்று.

ஸ்டாப்பை அமுக்கிவிட்டு, ஸ்டாப்புக்கும் ஸ்டார்ட்டுக்கும் நடுவே ஓடும் வயரில் மீட்டர் வைத்தேன். நூற்று நாற்பதேதான். அதே இடத்தில் டெஸ்ட் லாம்ப் வைத்தேன். பல்ப் எரியவில்லை. மீட்டரும் சீரோவுக்கு விழுந்துவிட்டது. எந்த லோடும் இல்லாமல் சும்மா நிற்கும் வயரில் பக்கத்து வயரிலிருந்து இப்படி வோல்டேஜ் ஒட்டிக்கொள்ளும். எங்கள் ஆட்கள் கோஸ்ட் வோல்டேஜ், அதாவது பேய் வோல்டேஜ் என்பார்கள். டிஜிட்டல் மீட்டரில் பெரிதாகத் தெரியும், ஒரு பல்பைக்கூட எரிக்காது.

விளக்கிச் சொன்னதும் அண்ணாச்சிக்கு ஒரே சந்தோஷம். “கேட்டியாலே மாடசாமி? வெறும் பேயாம்லா! ஏறி மாத்து.”

“பொறுங்க அண்ணாச்சி, நான் இன்னும் முடிக்கல” என்றேன்.

பல்ப் சோதனையோடு பலர் பையைத் தூக்கிவிடுவார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. அந்த வயரை இழுத்தவளே நான். மெஷினை ஒப்படைத்த அன்று இதே இடத்தில் அளந்தேன், ரீடிங் இல்லை. வயர் போகும் பைப் அதேதான், வயரும் அதேதான். அப்புறம் பேய் புதிதாக எங்கிருந்து வரும்?

பேனலுக்கு வரும் கரண்டை மொத்தமாக வெட்டும் ஐசொலேட்டரை ஆஃப் செய்துவிட்டு, பட்டன் பெட்டியின் மூடியைக் கழற்றினேன். உள்ளே சந்தன வாசனை ஆளைத் தூக்கியது. ஒவ்வொரு டெர்மினலிலும் சந்தனம், அதன் மேல் குங்குமம். ஸ்டாப்பின் இரண்டு ஸ்குரூவுக்கும் நடுவே அது வழிந்து ஒன்றாகிவிட்டிருந்தது. ஸ்டார்ட்டிலும் அப்படியே. மழை ஈரத்தில் எதுவும் காயவில்லை.

“நாந்தான் வச்சேன். நாலு ஸ்குரூவக் கழத்தி, பாத்துப் பாத்து வச்சேன். வெளிய மட்டும் கும்பிட்டா போதுமா? வேல செய்யது உள்ள இருக்கதுல்லா” என்றார் அண்ணாச்சி பெருமையாக.

சிரிப்பை அடக்கிக்கொண்டேன். “கும்பிடுங்க, வேண்டாம்னு சொல்லல. இந்த ஈரத்து வழியாத்தான் கரண்டு கசியுது. இன்னைக்கு பல்பு எரியாது. இப்படியே விட்டா கசியுத எடம் கரிஞ்சு கோடு விழும். அந்தக் கோடு ஒருநாள் வயரு மாதிரியே வேல செய்யும். ஸ்டாப் இருந்தும் இல்லாத கணக்கு, ஸ்டார்ட்ட யாரும் தொடாமலே மோட்டார் எடுக்கும்.”

அண்ணாச்சியின் முகம் மாறிவிட்டது. மாடசாமியைத் திரும்பிப் பார்த்தார்.

துடைத்து, கிளீனர் அடித்து, காயவைத்து, ஐசொலேட்டரைத் திரும்ப ஆன் செய்து மறுபடி அளந்தேன். ஒன்றிரண்டு வோல்ட்தான். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: எதிர்பாராத ரீடிங்குக்கு ஒரு பெயர் வைத்ததும் வேலை முடிந்துவிடாது. அது முன்பு ஏன் இல்லை என்று கேட்டுவிட்டு மூடியை மாட்டுங்கள்.

இன்னொன்று பாக்கி இருந்தது. ஸ்டாப் பட்டனை நம்பி யாரும் கை விடக்கூடாது. ஐசொலேட்டர் கைப்பிடியில் பூட்டுப் போட நான் ஓட்டை வைத்துத்தான் கொடுத்திருந்தேன். அதில் யாரும் பூட்டுப் போட்டதில்லை. பையிலிருந்து ஒரு பூட்டை எடுத்து, சாவியோடு மாடசாமியிடம் கொடுத்தேன்.

அண்ணாச்சிக்கு அது பொறுக்கவில்லை. “மில்லு என்னுது, மிஷினு என்னுது. சாவி அவன் பையிலயா?”

“எல்லாம் உங்களுதுதான் அண்ணாச்சி. உள்ள போற கை மட்டும் அவருது.”

மாடசாமி ஐசொலேட்டரை ஆஃப் செய்து பூட்டினார். பூட்டை இழுத்துப் பார்த்தார். ஸ்டார்ட்டை அமுக்கிப் பார்த்தார், மெஷின் அசையவில்லை. சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பிளேடு மாற்ற ஏறினார்.