பொன்னில் வைத்த ஈயம்

சூடு என்றால் எல்லாம் ஒரே சூடுதான் என்று நினைக்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கலி வந்துவிடும். கருங்கல் ஊரில் உள்ள என் ரிப்பேர் கடைக்கு இன்வெர்ட்டரைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். "சும்மா ஒரு சூடு காட்டி ஒட்டிக் குடும்வே" என்பார்கள். சூடு காட்டுவதற்கு இது என்ன, அப்பளமா? நான் வைக்கிற ஈயக்கம்பி வெள்ளீயமும் காரீயமும் கலந்தது. நூற்று எண்பத்து மூன்று டிகிரியில் இளகத் தொடங்கும். சால்டரிங் அயர்னின் முனையை முந்நூற்றைம்பதில் வைப்பேன். கூடினால் போர்டிலுள்ள செம்புக்கோடு உரிந்து வந்துவிடும். குறைந்தால் ஈயம் உருண்டு நிற்கும், பிடிக்காது. இவ்வளவும் தெரிந்த ஆள் செய்த காரியத்தைத்தான் சொல்லப்போகிறேன்.

மனைவிக்கு முட்டுவலி. நாகர்கோவிலில் ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். அந்த மெஷினுக்குள் போகும்போது உடம்பில் பொட்டு உலோகம் இருக்கக்கூடாதாம். கல்யாணத்தன்று போட்ட தாலிச் செயினை அவள் அதுவரை கழற்றியதே இல்லை. அவளுடைய அப்பா பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் பால் வெட்டிச் சேர்த்ததில் செய்துபோட்டது. அவர் இப்போது இல்லை. செயினைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்து, விரல்களையும் அவளே மடக்கிவிட்டாள்.

"கையிலயே வச்சிருக்கணும். பையில போடப்படாது, கேட்டியளா?"

"ஏட்டி, நான் என்ன சின்னப் பிள்ளையா?"

அவள் உள்ளே போய் ஐந்து நிமிடம் ஆகியிருக்காது, போன் அடித்தது. செயினைச் சட்டைப் பையில் போட்டுவிட்டுப் பேசினேன். அந்தப் பையில் எப்போதும் ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவர் கிடக்கும். பேசி முடித்துச் செயினை எடுத்தால் ஸ்க்ரூடிரைவரின் கிளிப்பில் மாட்டிக்கொண்டிருக்கிறது. பொறுமையாக எடுத்திருக்கலாம். எனக்கு ஏது பொறுமை? வெடுக்கென்று இழுத்தேன். கொக்கிக்குப் பக்கத்தில் ஒரு கண்ணி அறுந்தது.

அவள் வருவதற்குள் ஒரு பொன்வேலைக்காரரைத் தேடிப் போக நேரமில்லை. ஆனால் என் தோள்பையில் ஆயுதம் இருந்தது. மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்த, பேனா கனத்தில் ஒரு அயர்ன். பவர் பேங்கில் சொருகினால் போதும். ஆஸ்பத்திரி கேன்டீனில் பேருக்கு ஒரு டீ வாங்கி மேசையில் வைத்துக்கொண்டு, கண்ணியைச் சேர்த்துப் பிடித்து, ஒரு துளி ஈயம் வைத்தேன். பொன்னில் ஈயம் பிடிக்கிற அழகு இருக்கிறதே, அடடா! தோசைக்கல்லில் எண்ணெய் மாதிரி ஓடிப் பரவியது. எதிரே வடை தின்றுகொண்டிருந்தவர் புகையைப் பார்த்து, தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டார். இணைப்பு வெள்ளையாகத் தெரிந்தது. தெரிந்தால் என்ன, பிடரியில் முடிக்கு அடியில் யார் பார்க்கப்போகிறார்கள்? அவள் வந்ததும் நானே கழுத்தில் போட்டுவிட்டேன்.

"பரவாயில்லியே, பத்திரமா வச்சிருந்தியளே" என்றாள். கூச்சமே இல்லாமல் அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து மணவாளக்குறிச்சியில் அவள் தங்கை வீட்டுக் கல்யாணம் வந்தது. கொக்கி லூசாக இருக்கிறது, சரிசெய்து போட்டுக்கொள்கிறேன் என்று புறப்பட்டாள். நானும் துணைக்குப் போனேன். திங்கள்சந்தையில் எங்களுக்குப் பழக்கமான பொன்வேலைக்காரர் செயினை வாங்கிப் பார்த்தார். எண்ணெயும் அழுக்கும் ஏறி என் வெள்ளைப் புள்ளி மறைந்திருந்தது.

"வளையம் தேஞ்சிருக்கு தங்கச்சி. ஒட்டுற பொடி வச்சுத் தீயில ஊதித் தாறேன். பத்து நிமிஷம்" என்று கேஸ் குழாயைப் பற்றவைத்தார். நீலத் தீ சீறியது.

அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. முன்பு அவருடைய எலக்ட்ரானிக் தராசை ரிப்பேர் செய்யப் போனபோது, ஈயக்கம்பியோடு என்னை உள்ளேயே விடவில்லை. தெருவில் உட்கார்த்தி வேலை வாங்கினார். "ஈயம் பட்ட பொன்னுல தீ வச்சா அரிச்சுத் தின்னுரும்வே, ஓட்டை விழும்" என்றார். பொன் உருகத் தொள்ளாயிரத்துக்கு மேல் வேண்டுமே, இவர் என்ன கதை விடுகிறார் என்று அன்று மனதுக்குள் சிரித்தேன். வீட்டுக்குப் போய்ப் படித்துப் பார்த்தால் மனிதர் சொன்னது சரி. ஈயம் கலந்துவிட்டால், பொன் உருகும் சூடு வருவதற்கு முன்னாலேயே அரித்துக் கெட்டுவிடும்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் ஓட்டை விழும், பழி அவர் தலையில் போகும். ஒரு கணம் அப்படியும் நினைத்தேன், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. மாமனார் செய்துபோட்ட செயினுக்குப் பக்கத்தில் தீ வந்துவிட்டது.

"வேண்டாம்வே! தீ வைக்காதேயும்! அதுல ஈயம் கெடக்கு!"

கடையே திரும்பிப் பார்த்தது. பை, ஸ்க்ரூடிரைவர், கேன்டீன், டீ என்று ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் தீயை அணைத்து, கண்ணாடியை இறக்கி, ஊசியால் சுரண்டிப் பார்த்தார்.

"நாசமா போச்சு! டிவிக்கு வைக்கதைக் கொண்டு தாலிச் செயின்ல வச்சிருக்கீரே, நீரு மனுசனாவே?"

ஈயம் தொட்ட இரண்டு கண்ணிகளை வெட்டித் தனியாக ஒரு டப்பாவில் போட்டார். நல்ல கண்ணிகளைச் சேர்த்து, பொடி வைத்து ஊதினார். என் மனைவி அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது எனக்கு. செயினைக் கழுத்தில் போட்டு, ஒரு முறை தடவிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஈயம் உருகுதுக்கு எத்தன டிகிரி?"

"நூத்தி எண்பத்தி மூணு" என்றேன், பழக்கதோஷத்தில்.

"பொன்னு உருகுதுக்கு?"

"தொள்ளாயிரத்துக்கு மேல."

"உங்களுக்க வாயில இருந்து ஒரு உண்மை வரதுக்கு?"

பொன்வேலைக்காரர்தான் பதில் சொன்னார்.

"அதுக்கு டிகிரி கணக்கு ஒண்ணும் இல்ல தங்கச்சி. தீயைப் பக்கத்துல கொண்டுபோய்க் காட்டினா போதும்."

அவள் சிரித்துவிட்டாள். அப்புறம்தான் எனக்கு மூச்சே வந்தது.